மஞ்சணத்திக்குளத்திலிருந்து துட்டிக்கு வந்தவர்கள்

வியாழக்கிழமை காலையில் சங்கரவடிவு தன் புதிய நாவலில் பவளத்தின் அம்மாவைச் சாகடித்தாள். மத்தியானம் உலை கொதிக்கும் முன்னால் துட்டிக்கு ஆள் வந்துவிட்டது. மாவுமில் தெரு முனையில், குழாயடிக்குப் பக்கத்தில், நெற்றியில் மஞ்சணத்திக்குளம் என்று எழுதின ஒரு பழைய பஸ் வந்து நின்றது, அதிலிருந்து ஆம்பளைகள் தோளில் துண்டும் கையில் ரோஜா மாலையுமாக இறங்கினார்கள், பொம்பளைகள் கொண்டையை அவிழ்த்துவிட்டுக்கொண்டே இறங்கினார்கள், குழாயடியைத் தாண்டியதும் எங்கே ஆரம்பிக்க வேண்டுமோ அங்கே சரியாக ஆரம்பித்து, "எங்கூடப் பொறந்தவளே, பச்சப்பிள்ளைய விட்டுட்டுப் போயிட்டியே" என்று மாரில் அடித்துக்கொண்டு, யாரிடமும் வழி கேட்காமல், நேராகச் சங்கரவடிவின் வாசலுக்கு வந்து சேர்ந்தார்கள்.

எழவு வீட்டுக்குப் போய்த் துக்கம் விசாரிப்பதைக் கோவில்பட்டிப் பக்கம் துட்டி கேட்பது என்பார்கள். கல்யாணத்துக்கு வராதவனை நாலு மாதத்தில் மன்னித்துவிடுவார்கள், துட்டிக்கு வராதவனை அவன் கண்ணை மூடுகிற வரைக்கும் சொல்லிக்காட்டுவார்கள். அதனால் துட்டிக்கு ஒரு பஸ் நிறைய ஆள் வந்ததில் தெருவுக்கு ஆச்சரியம் ஒன்றும் இல்லை. செத்தது யார் என்பதுதான் பிடிபடவில்லை, ஏனென்றால் சங்கரவடிவு ஒண்டி ஆள்.

வயது அறுபதை நெருங்கிக்கொண்டிருந்தது அவளுக்கு. கல்யாணம் இல்லை, காட்சி இல்லை, மூட்டுவலி மட்டும் இருந்தது. தபால் ஆபீசில் வேலை பார்த்து, சீக்கிரமே ஓய்வு வாங்கிக்கொண்டு, பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் இந்தத் தெருவுக்கு வாடகைக்கு வந்தவள். பிள்ளைகளுக்கு நாவல் எழுதுகிறவள் என்பதைத் தவிர அவளைப் பற்றித் தெருவுக்கு வேறெதுவும் தெரியாது. கோயில் பொங்கலுக்கு வரி கேட்டால் கொடுத்துவிடுவாள், பொங்கல் வைக்க வரமாட்டாள். யார் வீட்டிலும் காபி குடிக்கமாட்டாள், யாரையும் உள்ளே வா என்றும் சொல்லமாட்டாள். எதிரே பார்த்தால் சிரிப்பாள், அந்தச் சிரிப்பைத் தாண்டி ஒரு அடி எடுத்துவைக்க ஆளுக்குத் தைரியம் வராது.

ஆனால் அவள் நாவல்களைப் படிக்காத பிள்ளைகள் அந்தத் தெருவில் கிடையாது. ஒவ்வொன்றிலும் யாரையாவது பறிகொடுத்த பிள்ளை ஒன்று இருக்கும். அழுதுகொண்டும் அலைந்துகொண்டும் போகும். கடைசியில் அதற்கு ஒரு இடம் கிடைத்துவிடும். ஒரு பிள்ளை கலங்கரை விளக்கத்துக் காவல்காரரோடு போய்ச் சேரும், ஒன்று சர்க்கஸ் சமையல்காரரோடு, ஒன்று கிடை போடும் ஆட்டுக்காரர்களோடு. யாரோ எவரோதான் எடுத்து வளர்ப்பார்கள், சொந்தக்காரர்கள் என்று ஒருத்தர் அந்தப் புத்தகங்களில் எட்டிக்கூடப் பார்க்கமாட்டார்கள். சாவும் அப்படித்தான், முதல் பக்கத்தைத் திறக்கும்போதே செத்தவர் செத்திருப்பார், எரித்த புகைகூட அடங்கியிருக்கும். சாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு அவளைப் பேசக் கூப்பிட்டிருந்தபோது, மைக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டு இரட்டைச் சடைக்காரி ஒருத்தி கேட்டாள்: "எல்லாப் புக்கையும் படிச்சிட்டேன். அம்மா செத்த அன்னைக்கு அந்தப் பிள்ளைக்கு என்ன நடந்துச்சுன்னு மட்டும் நீங்க எழுதவே மாட்டேங்கிறீங்க, ஏன்?"

சங்கரவடிவு அடுத்த நாவலில் எழுதுகிறேன் என்று சொல்லித் தப்பித்து வந்தாள். வாக்குக் கொடுத்தாயிற்று, அதுவும் ஒரு பிள்ளையிடம். எழுத உட்காருவாள், எழுந்து துணி துவைக்கப் போய்விடுவாள். அப்படியே பல மாதம் போக்குக் காட்டிவிட்டு, அந்த வியாழக்கிழமை ஒரே மூச்சாக எழுதினாள்: மஞ்சணத்திக்குளம் என்று எந்த வரைபடத்திலும் இல்லாத ஒரு ஊர், அங்கே காய்ச்சலில் கிடக்கிற ஒரு அம்மா, தலைமாட்டில் ஒன்பது வயசுப் பவளம், தாய்மாமன் வெள்ளப்பாண்டி, ஒரு சித்தி, நாலைந்து பெண்கள், பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகள். அம்மாவின் மூச்சு நின்றது. முற்றுப்புள்ளி வைத்தாள். அரிசி களையப் போனாள். பஸ் வந்துவிட்டது.

எதிர்வீட்டு ஜெயக்கொடிதான் முதலில் வாசலுக்கு வந்தவள். அவளுக்கு நாற்பத்தைந்து வயசிருக்கும், குரல் மட்டும் ரெண்டு ஆளுக்கு இருக்கும். அவள் வீட்டுக்காரர் குருசாமி மினிபஸ் ஓட்டுகிறவர், அந்தச் சீமையில் அவருக்குத் தெரியாத ரோடு இல்லை. அவர் பஸ்ஸை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "மஞ்சணத்திக்குளம்னு ஒரு ஊரே கிடையாதே" என்றார்.

"ஊரு இல்லன்னா அவுக எங்க இருந்து வாராக?" என்றாள் ஜெயக்கொடி. "வெயில்ல வந்திருக்காக. தண்ணி கொடுக்கணுமா வேண்டாமா? நீங்க போயி சேரை எடுத்துப் போடுங்க, ஊரைப் பொறவு தேடலாம்."

அதற்குள் பொம்பளைகள் சங்கரவடிவைக் கட்டிப் பிடித்துவிட்டார்கள். ஈரக் கையும் அரிசித் தண்ணியுமாக நின்றவளை இழுத்து நடுவில் போட்டு, ஆளுக்கு ஒரு பக்கம் தலையைத் தடவி, "தாயில்லாப் பிள்ளையா ஆயிட்டியே பவளம்" என்று அவள் தோளிலேயே மூக்கைச் சிந்தி அழுதார்கள். வெள்ளப்பாண்டி மாமா வாசலில் நின்று துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார். சங்கரவடிவு மூச்சு முட்டி, ஒரு வழியாகத் தலையை வெளியே நீட்டி, "நான் பவளம் இல்லை. பவளம் கதையில இருக்கு. நான் எழுதினவ" என்றாள்.

மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு ஜெயக்கொடியைப் பார்த்தார். "பிள்ளைக்குப் புத்தி கலங்கியிருக்கும்மா. ஒரு வாய் ஏதாவது கொடுங்க" என்றார்.

"அவுக பேரு வடிவு" என்றாள் ஜெயக்கொடி.

"பள்ளிக்கூடத்துப் பேரா இருக்கும்" என்றார் மாமா.

நரைத்த தலையும் கண்ணாடியும் மூட்டுவலியுமாக ஒரு பொம்பளை ஒன்பது வயசுப் பிள்ளையாக எப்படி இருக்க முடியும் என்று மஞ்சணத்திக்குளத்துக்காரர்களில் ஒருத்தருக்கும் தோன்றவில்லை. தாயைப் பறிகொடுத்துவிட்டுப் பேந்தப் பேந்த முழிக்கிற ஒரு பெண்ணைத்தான் அவர்கள் பார்த்தார்கள். அப்படிப் பார்த்தால் அவர்கள் சொன்னதில் தப்பும் இல்லை.

எழவு வீட்டில் அடுப்பு எரியக்கூடாது. பாதி களைந்த அரிசியை ஜெயக்கொடி பானையோடு தன் வீட்டுக்குத் தூக்கிப் போனாள். அதிலிருந்து ஆரம்பித்தது. டெய்லர் கடைக்காரர் மனைவி சுந்தரகனி வீட்டிலிருந்து சாம்பார் வந்தது, குழாயடி வீட்டிலிருந்து மோர் வந்தது, மில்லுக்காரர் அய்யாத்துரை தார்ப்பாயும் கம்பும் அனுப்பிப் பந்தல் போடச் சொன்னார். யார் செத்தது என்ற கேள்வி சாயங்காலத்துக்குள் பழசாகிவிட்டது. செத்தது ஒரு தாய், தவித்து நிற்பது ஒரு பிள்ளை, வந்திருப்பது உறவுக்காரர்கள், இதற்கு மேல் தெரிந்து என்ன செய்யப் போகிறோம் என்று தெரு வேலையைப் பார்க்க ஆரம்பித்துவிட்டது.

வேலை லேசில்லை. நாவலில் சங்கரவடிவு நாலைந்து பெண்கள் என்று எழுதியிருந்தாள், கணக்காக எழுதவில்லை. அதனால் அந்தப் பொம்பளைகள் சில நேரம் நாலாகவும் சில நேரம் ஐந்தாகவும் இருந்தார்கள். ஜெயக்கொடி நாலு தம்ளர் காபி ஆற்றிக்கொண்டு போனால் ஒருத்திக்குக் காணாது, போய் இன்னொன்று கொண்டுவந்தால் அது மிஞ்சும். "எம்மா, உக்காந்தா உக்காந்த இடத்துல இருங்கம்மா" என்று அவள் எல்லோரையும் சுவரோரம் வரிசையாக உட்காரவைத்துப் பார்த்தாள், ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் மிஞ்சுகிற காபியைத் தானே குடித்துவிடுவது என்று முடிவு பண்ணிக்கொண்டாள். சித்தியின் பாடு அதைவிட மோசம். நாவலில் அவளைப் பற்றி ஒரே வரிதான் இருந்தது: சித்தி பின்னால் நின்றாள். அதனால் அவள் எங்கே போனாலும் யாருக்காவது பின்னால்தான் நின்றாள், பேச்சும் வரவில்லை, பந்தியில் உட்காரக்கூட முடியாமல் ஒரு ஆம்பளையின் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டே சாப்பிட்டாள்.

அதோடு ஒருத்தர் காலிலும் செருப்பு இல்லை. சித்திரை வெயிலில் தார் ரோட்டைத் தாண்டி ஒதுங்கப் போய்வர எல்லோரும் குதித்துக் குதித்து ஓடினார்கள். வெள்ளிக்கிழமை காலையில் ஜெயக்கொடி பொறுக்கமாட்டாமல் சங்கரவடிவிடம் வந்தாள்.

"ஏன் டீச்சரம்மா, இவ்வளவு எழுதுறீங்க, ஒரு செருப்பு எழுதக்கூடாதா?"

டீச்சராக இல்லாவிட்டாலும் புத்தகம் எழுதுகிறவளை அப்படித்தான் கூப்பிட்டார்கள். சங்கரவடிவு வெட்கப்பட்டுப் போய்க் கையெழுத்துப் படியை எடுத்து, எல்லோரும் செருப்புப் போட்டிருந்தார்கள் என்று ஓரத்தில் ஒரு வரி சேர்த்தாள். வாசலைப் பார்த்தால் செருப்புக் குவிந்து கிடந்தது. எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. மாமாவுக்குக் குதிகால் பாதி வெளியே நின்றது, பொம்பளைகள் இழுத்து இழுத்து நடந்தார்கள். ஜெயக்கொடி இடுப்பில் கை வைத்து அதைப் பார்த்துவிட்டுப் போய்விட்டாள். எழுதினால் நடக்கும் என்பது அப்போதுதான் சங்கரவடிவுக்கு உறைத்தது.

தீட்டுப் பிரச்சனை வேறு வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை காளியம்மன் கோயில் பொங்கலுக்குப் பந்தக்கால் நாட்ட வேண்டும். தெருவில் சாவு விழுந்திருக்கும்போது எப்படி நாட்டுவது என்று ஒரு கட்சி, பிணமே இல்லாத சாவுக்கு என்ன தீட்டு என்று ஒரு கட்சி. கோயில் தலைவர் அய்யாத்துரைதான். மில்லை நிறுத்திவிட்டு, மீசையில் மாவோடு வந்து பந்தலில் உட்கார்ந்து இரண்டு பக்கத்தையும் கேட்டார். கேட்டுவிட்டு, "தூக்கிட்டுப் போகாத சாவு, அதனால தெருவுக்குத் தீட்டு இல்ல. துட்டிக்கு ஆளு வந்திருக்கு, அதனால அந்த வீட்டுக்கு உண்டு. ஞாயித்துக்கிழமை காரியத்தை முடிச்சுத் தலைக்கு ஊத்திட்டா சரியாப் போகும்" என்றார். எல்லோருக்கும் நிம்மதியாகப் போயிற்று.

இன்னொன்றும் நடந்தது, அதை யாரும் திட்டம் போட்டுச் செய்யவில்லை. மஞ்சணத்திக்குளத்துப் பொம்பளைகள் ஒப்பாரி வைத்தால் கல்லும் கரையும், அப்படி ஒரு குரல், அப்படி ஒரு ராகம். தட்டைக் கழுவி வைத்துவிட்டு வந்த சுந்தரகனி சும்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். திடீரென்று போய் அவர்கள் தோளில் கை போட்டு உட்கார்ந்து, சவூதியில் வேலைக்குப் போன இடத்தில் செத்து, பெட்டியில் வந்து, ஆணியைக்கூடப் பிடுங்கவிடாமல் புதைக்கப்பட்ட அண்ணனை நினைத்து அழ ஆரம்பித்தாள். அன்று சாயங்காலத்துக்குள் தெருவில் பாதிப் பொம்பளைகள் வந்து சேர்ந்துகொண்டார்கள். அழ நேரம் கிடைக்காமல் விட்டது, அழுதால் மாமியார் ஏசுவாள் என்று விட்டது, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளைக்காக அடக்கினது என்று ஆளுக்கு ஒரு பாக்கி இருந்தது. ஆம்பளைகள் பந்தலுக்கு வெளியே சேரில் உட்கார்ந்து தொண்டையைச் செருமிக்கொண்டார்கள். அழுது முடித்தவர்கள் முகத்தைக் கழுவிக்கொண்டு ராத்திரிச் சாப்பாட்டுக்கு வெங்காயம் உரிக்கப் போனார்கள்.

அழாத ஆள் ஒருத்திதான். சங்கரவடிவு கதவுக்குப் பின்னால், மூலையில், மூட்டு வலியையும் பொருட்படுத்தாமல் காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். அழு தாயி, அழுதாத்தான் ஆறும் என்று நாலைந்து பெண்களும் சொல்லிப் பார்த்துவிட்டார்கள். அவளுக்கு வரவில்லை. அவளுக்கு ஞாயிற்றுக்கிழமையைப் பற்றித்தான் பயம்.

அந்தப் பக்கத்து வழக்கம் அது. காரியம் முடிந்து, சாப்பாடு முடிந்து, பஸ் ஏறுவதற்கு முன்னால் உறவுக்காரர்கள் பந்தலில் உட்கார்ந்து பேசவேண்டியதைப் பேசித் தீர்ப்பார்கள். சின்னப்பிள்ளை இருந்தால், அதை யார் கூட்டிக்கொண்டு போவது என்பதுதான் முதல் பேச்சு.

சங்கரவடிவுக்கு அது தெரியும். அவளுக்கும் ஒன்பது வயசில் அம்மா செத்தாள், அப்பா அதற்கு முன்னாலேயே இல்லை. இதே மாதிரிப் பந்தல், இதே மாதிரிக் கதவு, அதற்குப் பின்னால் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பிள்ளையை யார் கூட்டிப் போவது என்று யாரோ ஒருத்தர் கேட்டார். அப்புறம் சத்தமே இல்லை. கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். சொந்த மாமா, பெரியப்பா, அத்தைமார், சித்தி, அத்தனை பேரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருத்தர் பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்றார். அவள் இன்னும் கேட்டுக்கொண்டே இருந்தாள், யாராவது சொல்லிவிடுவார்கள் என்று. சொல்லவில்லை. ஒரு அநாதை விடுதியில் சேர்த்தார்கள், அங்கே ஒரு குறையும் இல்லை, சோறு போட்டார்கள், படிக்கவைத்தார்கள். தன்னிடம் என்ன குறை, தான் என்ன தப்புப் பண்ணினோம் என்பது மட்டும் அவளுக்கு இன்றைக்கு வரைக்கும் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. பந்தலில் காய் நறுக்குகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. சங்கரவடிவு கையெழுத்துப் படியை மடியில் வைத்துக்கொண்டு பேனாவைத் திறந்தாள். ஒரே வரி போதும். 'பிள்ளையை நான் கூட்டிக்கொண்டு போகிறேன் என்றார் மாமா.' எழுதிவிட்டால் மாமா சொல்லிவிடுவார், செருப்பு வந்த மாதிரி அந்த வார்த்தையும் வந்து வாசலில் கிடக்கும். ஆனால் தானே எழுதித் தானே கேட்டுக்கொள்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இத்தனை வருஷமாக அதைத்தானே செய்துவந்தாள். காவல்காரரையும் சமையல்காரரையும் சொல்லவைத்தது அவள்தானே. எழுதாமல் விட்டால் அவர்கள் என்ன சொல்வார்களோ, சொல்லாமலே போவார்களோ. இருந்தாலும் பேனாவை மூடிவிட்டாள்.

காரியம் நடந்தது. சாப்பாடு முடிந்தது. இலை எடுத்த இடத்தைக் கழுவிவிட்டு, எல்லோரும் வட்டமாக உட்கார்ந்தார்கள். தெருக்காரர்கள் பாத்திரம் ஒழிக்கிற சாக்கில் சுற்றி நின்றார்கள். வெள்ளப்பாண்டி மாமா துண்டை மடித்து மடியில் வைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"செத்தவ போய்ச் சேர்ந்துட்டா. இருக்கிறதைப் பார்க்கணும். பிள்ளைய யாரு கூட்டிட்டுப் போறது?"

சத்தமே இல்லை.

சங்கரவடிவு கதவிடுக்கு வழியாகப் பார்த்தாள். மாமா துண்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகளும் நாலைந்து பெண்களும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எழுதிக் கொடுக்காத வார்த்தையை அவர்கள் எங்கே போய் எடுப்பார்கள்? எல்லோருக்கும் பின்னால் நின்ற சித்திக்கு உதடு அசைந்தது. அசைந்து அசைந்து, சத்தம் வராமல், கன்னத்தில் கண்ணீர் மட்டும் இறங்கியது. சங்கரவடிவின் சொந்தச் சித்தியும் அன்றைக்கு அப்படித்தான் பின்னால் நின்றாள். அவளுக்கும் உதடு அசைந்ததோ என்னவோ, ஒன்பது வயசுக்கு அதெல்லாம் தெரியாது, இனிமேல் கேட்கவும் ஆள் இல்லை. சங்கரவடிவு கதவிடுக்கிலிருந்து முகத்தை எடுத்துக்கொண்டாள். மறுபடியும் அதேதான், நாமே கூப்பிட்டு வைத்து நடத்திக்கொண்டோம் என்று நினைத்தாள்.

"என்னய்யா, எல்லாரும் தரையில என்னத்தத் தேடுதீங்க?"

ஜெயக்கொடிதான். கையில் சோற்றுக் கரண்டி. அவளைச் சங்கரவடிவு எழுதவில்லை, எந்தப் புத்தகத்திலும் ஒரு வரி எழுதியதில்லை.

"பிள்ளைய யாரும் எங்கயும் கூட்டிட்டுப் போக வேண்டாம். அது இங்கதான் இருக்கும். நான் பார்த்துக்கிடுதேன்."

மாமா நிமிர்ந்தார். "நீங்க யாரும்மா?"

"எதுத்த வீடு."

"சொந்தமா?"

"எதுத்த வீடுன்னு சொன்னேன்ல."

"நாளைக்கு ஒண்ணு கிடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?"

"நான்தான் சொல்லணும். பொறவு, பஸ் டிரைவரா வந்து சொல்லுவான்?"

பஸ் டிரைவரான குருசாமி வாயைத் திறந்தார், மனைவியைப் பார்த்தார், மூடிக்கொண்டார். அய்யாத்துரை முன்னால் வந்து, தெருப் பிள்ளை என்றால் அது கோயில் பொறுப்பு, வருஷா வருஷம் வரி கொடுத்திருக்கிற பிள்ளை, அதை ஒருத்தர் மட்டும் எப்படி எடுத்துக்கொள்வது என்றார். தன் வீட்டில் மாடி அறை சும்மாதான் கிடக்கிறது, காற்றும் வரும் என்றாள் சுந்தரகனி. "மாடிப்படி ஏறுற மூட்டா அது? போடி அங்கிட்டு" என்றாள் ஜெயக்கொடி. எதிர்த்துப் பேச ஆள் கிடைத்ததும் வெள்ளப்பாண்டி மாமாவுக்கும் வார்த்தை வந்துவிட்டது, "அதெப்படி விட்டுட்டுப் போக முடியும், தாய்மாமன் நான் என்ன செத்தா போயிட்டேன்?" என்று துண்டை உதறி எழுந்தார். பத்துப் பன்னிரண்டு ஆம்பளைகளும் எழுந்தார்கள். எங்க ரத்தம் என்றது ஒரு பக்கம், எங்க தெரு என்றது ஒரு பக்கம். கரண்டி ஆடியது, துண்டு ஆடியது, பந்தல் கம்பு ஒன்று சாய்ந்தது, நாயெல்லாம் குரைத்தது.

கதவுக்குப் பின்னால் சங்கரவடிவு வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். தனக்காக ரெண்டு பேர் சண்டை போட்டு அவள் கேட்டதில்லை. இங்கே தெருவே சண்டை போட்டது. நிறுத்திவிடாதீர்கள், இன்னும் கொஞ்ச நேரம் போடுங்கள் என்று இருந்தது அவளுக்கு.

"சும்மா கத்தாதீங்க" என்று எல்லோரையும்விடச் சத்தமாகக் கத்தினாள் ஜெயக்கொடி. "அதுகிட்டயே கேளுங்க. வாயி இருக்குல்ல?"

கதவைத் திறந்தார்கள். சங்கரவடிவு சுவரைப் பிடித்து எழுந்து, கண்ணாடியைச் சரிபண்ணிக்கொண்டு வெளியே வந்தாள். அத்தனை முகமும் அவளைப் பார்த்தன, ஒருத்தரும் தரையைப் பார்க்கவில்லை.

"நான் இங்கயே இருக்கேன் மாமா" என்றாள்.

மாமா துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். அப்புறம் அவள் கையைப் பிடித்துக் கூட்டிப்போய், ஜெயக்கொடியின் கையில் வைத்து, ரெண்டு கையையும் சேர்த்து அழுத்தினார். "தாயில்லாத பிள்ளை. வையாதம்மா" என்றார். ஜெயக்கொடி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு வாங்கிக்கொண்டாள்.

துட்டிக்கு வந்தவர்கள் போய்வருகிறேன் என்று சொல்லக்கூடாது. அவர்களும் சொல்லாமல் ஒவ்வொருத்தராக எழுந்து, செருப்பை இழுத்துக்கொண்டு, பஸ் ஏறினார்கள். எல்லோருக்கும் பின்னால் சித்தி நின்றாள். சங்கரவடிவு வீட்டுக்குள் ஓடி, கையெழுத்துப் படியில் 'சித்தி முன்னால் வந்து ஜன்னலோரம் உட்கார்ந்தாள்' என்று எழுதிவிட்டு வெளியே ஓடிவந்தாள். சித்தி ஜன்னலோரம் உட்கார்ந்து இவளைப் பார்த்துக்கொண்டே போனாள். பஸ் எட்டயபுரம் ரோட்டில் திரும்பியது, அதற்கு மேல் எந்தப் பக்கம் போயிற்று என்று குருசாமிக்கே தெரியவில்லை. தெருக்காரர்கள் பந்தலைப் பிரித்தார்கள், தலைக்கு ஊற்றிக்கொண்டார்கள், செவ்வாய்க்கிழமை கால் நாட்டுவதற்கு மூங்கில் யார் வாங்குவது என்று பேசிக்கொண்டே போனார்கள்.

திங்கட்கிழமை காலையில் சங்கரவடிவு அடுத்த அத்தியாயத்தை எழுத உட்கார்ந்தாள். பந்தல், கேள்வி, சத்தமில்லாத நேரம், தரையைப் பார்க்கிற முகங்கள் எல்லாம் தடங்கலில்லாமல் வந்தன. கூட்டத்திலிருந்து ஒரு பொம்பளை எழுந்து, பிள்ளையை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்கிற இடத்தில் நின்றுபோயிற்று. ஏன் சொன்னாள்? அவளுக்குப் பிள்ளையில்லாத ஏக்கமா? பழைய கடன் ஏதாவது உண்டா? சாத்தூர்ச் சடைக்காரி நிச்சயம் கேட்பாள். யோசித்து யோசித்துப் பார்த்துவிட்டு, பத்துப் பன்னிரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ரோட்டைக் கடந்து எதிர்வீட்டுக்குள் போனாள்.

ஜெயக்கொடி அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். "வா, உக்காரு" என்றாள். பொறுப்பு வந்துவிட்டதால் வாங்க போங்க எல்லாம் நேற்றோடு போய்விட்டது.

"ஒண்ணு கேக்கணும்" என்றாள் சங்கரவடிவு. "நேத்து நீ ஏன் அப்படிச் சொன்னே?"

"எதை?"

"என்னைப் பார்த்துக்கிடுதேன்னு."

ஜெயக்கொடி காயைக் கிள்ளிக்கொண்டே யோசித்தாள். "எல்லாரும் தரையைப் பார்த்துக்கிட்டு இருந்தாக. யாராவது ஒருத்தர் பேசணும்ல?"

"அவ்வளவுதானா?"

"வேற என்ன? பக்கத்துல நின்னேன், வாயைத் திறந்தேன். சுந்தரகனி நின்னிருந்தா சுந்தரகனி சொல்லியிருப்பா. அவ கொஞ்சம் மெதுவு."

"நான் யாருன்னுகூட உனக்குத் தெரியாதே. நல்லவளா, கெட்டவளா..."

"தாயில்லாத பிள்ளைகிட்ட அதையெல்லாமா பார்ப்பாக?" என்றாள் ஜெயக்கொடி. "சாப்பிட்டியா நீ?"

சங்கரவடிவு அவரைக்காயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அப்படியானால் அவளுடைய ஒன்பது வயசில், அந்தப் பந்தலில், வாயைத் திறக்கிற ஒருத்தர் இல்லாமல் போய்விட்டார், அவ்வளவுதான். பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. அது ஒரு தப்பும் பண்ணவில்லை. சுருட்டிய பாவாடையோடு கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, அம்மாவுக்காகக்கூட அழாமல், தன்மேல் என்ன குறை என்றே யோசித்துக்கொண்டிருந்துவிட்டது.

"எங்கம்மா நல்லா இருப்பா" என்றாள் சங்கரவடிவு. "சிரிச்சா தெத்துப்பல் தெரியும். எனக்குச் சடை போடும்போது கதை சொல்லுவா."

சொல்லிவிட்டு அழுதாள். தொண்டை கிழிய, வெட்கமில்லாமல், அம்மா அம்மா என்று தரையில் சாய்ந்து அழுதாள். தெருவில் போனவர்கள் நின்று பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்தவர்களாக மெல்ல நகர்ந்து போனார்கள். ஜெயக்கொடி காயை ஒதுக்கிவைத்தாள். பருப்பு பொங்கி வழிந்த சத்தம் கேட்டு எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு, வந்து பக்கத்தில் உட்கார்ந்து, அந்த நரைத்த தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.